சக்கையைக் கொட்டிவிட்டுச் சாற்றை ஊட்டிய வீடு: 19 மாதக் குழந்தைக்கு உலர் திராட்சை அறிமுகமான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தை நல மருத்துவர் அனுப்பிவைத்த சீட்டில் இரண்டே வரிகள் இருந்தன: நாட்பட்ட மலச்சிக்கல், இரத்தசோகை, உணவுப் பழக்கத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லவும். சீட்டைக் கொண்டுவந்தவர் குழந்தையின் தாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதன் அப்பத்தா. மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள். குழந்தைக்கு வயது 19 மாதம், எடை 9.6 கிலோ. எடையும் உயரமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தன. அந்த இரண்டும் கவலைக்குரியவை அல்ல. கவலைக்குரியவை வேறு: ஹீமோகுளோபின் 9.4 கிராம், நான்கு நாளைக்கு ஒருமுறை ஆட்டுப் புழுக்கை போல வெளியேறும் மலம், அந்த நான்காம் நாள் வீடே கூடி நின்று பார்க்கும் அழுகை. குடும்பத்தின் அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உணவு பற்றிய விவரங்கள் மாற்றப்படவில்லை.

முந்தைய நாள் குழந்தை உட்கொண்டதை எழுந்ததிலிருந்து உறங்கியது வரை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். தாய் ஒன்பது மணிப் பாலிலிருந்து தொடங்கினார். அதற்கு முன்னால் எதுவுமே இல்லையா என்று கேட்டபோது, "அது சாப்பாடு இல்லைங்க, அத்தை குடுக்குற திராட்சைத் தண்ணி" என்றார். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு பதிலின்மீதுதான் நிற்கிறது. அந்த வீட்டில் உலர் திராட்சை உணவுக் கணக்கில் சேரவில்லை, மருந்துக் கணக்கில் இருந்தது. பன்னிரண்டு மாதங்களாக நாள்தோறும் உலர் திராட்சையின் சாற்றைக் குடித்துவந்த ஒரு குழந்தை, ஒரு திராட்சையைக்கூட உணவாக மென்று விழுங்கியதில்லை.

திராட்சைத் தண்ணீரின் கதை

ஏழாம் மாதத்தில் முதன்முதலாக மலம் இறுகியபோது, நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கிய கறுப்பு உலர் திராட்சையில் ஐந்தை இரவில் ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி, பாலாடை எனும் புகட்டும் சங்கில் கொடுத்திருக்கிறார் அப்பத்தா. மறுநாள் குழந்தை சிரமமின்றி வெளிக்குப் போயிற்று. அது திராட்சையால்தானா, தானாகவே போயிருக்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. பலன் தெரிந்தது, வழக்கம் நிலைத்தது. ஐந்து பத்தாகி, பத்து இருபத்தைந்தாகி, குழந்தை முகம் சுளித்ததால் பனங்கற்கண்டும் சேர்ந்தது. என்னிடம் வந்த காலத்தில், காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றில், காலை நீட்டி உட்கார்ந்து அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, ஒருவர் கையைப் பிடிக்க ஒருவர் ஊற்றுவது என்கிற அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

தயாரிக்கும் முறையை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் வீட்டுக்கே சென்றேன். கிண்ணத்தில் ஊறிப் பருத்திருந்த திராட்சையை விரல்களால் நசுக்கி, தேநீர் வடிகட்டியில் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, கடைசிச் சொட்டு வரை இறக்கினார். வடிகட்டியில் தங்கிய தோலையும் சதையையும் பின்வாசல் முருங்கை மரத்தடியில் கொட்டினார். மலச்சிக்கலுக்கு உதவக்கூடிய நார்ச்சத்தில் பெரும்பங்கு முருங்கைக்குப் போயிற்று. சர்க்கரை குழந்தைக்குப் போயிற்று.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். பச்சைத் திராட்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். உலர்ந்தபின் அது ஏறத்தாழ பதினைந்து பங்காகக் குறைகிறது. நான்கு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ உலர் திராட்சை கிடைக்கும். நீர் போனதே தவிரச் சர்க்கரை எங்கும் போவதில்லை என்பதால், 100 கிராம் உலர் திராட்சையில் 60 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை தங்குகிறது, நார்ச்சத்தோ 4 கிராம் அளவில்தான் இருக்கிறது. ஒரு திராட்சை சுமாராக அரை கிராம் எடை இருக்கும். இருபத்தைந்து திராட்சையில் ஏழெட்டு கிராம் சர்க்கரை. பிசைந்து பிழிவதால் அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். பனங்கற்கண்டைச் சேர்த்தால் பத்து கிராமை நெருங்கும். முழுப் பழத்தினுள் இருக்கும் சர்க்கரையை உலகச் சுகாதார நிறுவனம் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சாறாகப் பிழிந்தெடுத்ததைச் சேர்க்கிறது. அத்தகைய சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றும் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கலோரி தேவை என்று கொண்டால், ஐந்து விழுக்காடு என்பது பன்னிரண்டரை கிராம். காலை ஏழு மணிக்குள் அதில் முக்கால் பங்கு தீர்ந்துபோகிறது.

இவ்வளவும் சொன்னபின், திராட்சைத் தண்ணீரால் பயனே இல்லை என்று நான் எழுதிவிட முடியாது. இறுகிய மலத்துக்குத் தண்ணீரே ஒரு மருந்து. பழச் சர்க்கரையும் திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலமும் சற்று இளக்கக்கூடும். என் மறுப்பு அதன் பயன்மீது அல்ல. பயனின் பெயரால் அதுவே தினசரிக் கட்டாயமானதும், உண்மையான காரணத்தை அது மறைத்து நின்றதுமே என் மறுப்புக்கு உரியவை.

உண்மையான காரணம் பால். மூன்று புட்டிகள் பகலில், ஒன்று உறக்கத்தில். மொத்தம் 900 மில்லி. பசும்பாலில் இரும்பு ஏறக்குறைய இல்லை, நார்ச்சத்து அறவே இல்லை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றை அது நிரப்பிவிடுகிறது. மதியம் ஐந்து வாய் இரசஞ்சாதமும் மாலையில் இரண்டு பிஸ்கட்டும் தவிர வேறெதுவும் அந்தக் குழந்தையின் வயிற்றில் இடம் பெறவில்லை.

இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை

திராட்சைத் தண்ணீரை நிறுத்தலாமா என்று கேட்டவுடன் அப்பத்தா சொன்ன முதல் மறுப்பு, "நிறுத்துனா இரத்தம் எப்படி ஊறும்?" என்பது. நம் ஊர்களில் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும் எதுவும் இரத்தத்தை ஊறவைக்கும் என்றொரு நிறக் கணக்கு உண்டு. பீட்ரூட்டும் மாதுளையும் பேரீச்சையும் கறுப்புத் திராட்சையும் அந்த வரிசையில் வருபவை. அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், ஆறு மாதம் கடந்தவர்களில், நூற்றுக்கு 57.4 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தம் ஊற வேண்டும் என்ற பாட்டிகளின் கவலை நியாயமானது. அவர்கள் தேர்ந்த வழிதான் போதாதது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை 100 கிராம் உலர் திராட்சையில் சுமார் 1.9 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகக் காட்டுகிறது. இந்திய அட்டவணைகள் இதைவிடக் கூடுதலாகவே காட்டுகின்றன. எந்த அட்டவணையை எடுத்துக்கொண்டாலும், இருபத்தைந்து திராட்சையில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராமை எட்டாது. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம். மேலும், தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கே உடலில் சேரும். அதற்குத் துணைபுரியும் வைட்டமின் சி உலர்த்தும்போதே பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. 9.4 என்ற எண்ணை உலர் திராட்சையால் உயர்த்த முடியாது என்பதை நான் தயக்கமின்றிச் சொன்னேன். மருத்துவர் எழுதிய இரும்புச் சத்துச் சொட்டு மருந்துக்கு அது மாற்று அல்ல என்பதை இரண்டு முறை சொன்னேன். சொட்டு மருந்து புட்டி அதுவரை திறக்கப்படாமலே அலமாரியில் இருந்தது என்பதனால் இரண்டு முறை.

காதுகுத்தில் நடந்தது

தாயின் தரப்பில் வேறொரு கதை இருந்தது. குழந்தைக்குப் பதினோரு மாதம் நடக்கையில், குலதெய்வக் கோயிலில் நடந்த காதுகுத்து விருந்தில், உறவினர் ஒருவர் சேமியா பாயசத்தைக் கரண்டியால் ஊட்டியிருக்கிறார். பாயசத்தில் நெய்யில் பொரித்த முழுத் திராட்சை கிடந்தது. நெய்யில் விழுந்த திராட்சை உப்பி உருண்டையாகும். மேலே நெய் வழுக்கும். பல் முளைக்காத வாயில் அது கோலிக்குண்டைப் போல நேரே தொண்டைக்குப் போகும். குழந்தைக்குப் புரையேறி முகம் சிவந்தது. சுற்றியிருந்தவர்கள் உச்சந்தலையில் தட்டினார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்றார்கள். குழந்தை தானாகவே பலமாக இருமியதில் திராட்சை வெளியே வந்து விழுந்தது. அன்றிலிருந்து அந்தத் தாய் முந்திரி, திராட்சை, பேரீச்சை எதையும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்ததில்லை.

அவருடைய அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் வெளியிடும், சிறு குழந்தைகளுக்கு மூச்சடைப்பை உண்டாக்கக்கூடிய உணவுகளின் பட்டியலில் வேகவைக்காத உலர் திராட்சையும் பிற உலர் பழங்களும் இடம்பெற்றிருக்கின்றன. முன்பற்கள் கடிக்கும், அரைக்காது. அரைக்கும் முதல் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13ஆம் மாதத்துக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். இரண்டாம் கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வயதாவது ஆக வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போய்த் தங்கும் உலர்ந்த பொருள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கவும் செய்யும். உச்சந்தலையில் தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் அந்த வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். சத்தம் வரவில்லை, அழ முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால், ஒரு வயது கடந்த குழந்தையை முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, பலிக்காவிடில் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இதை மாறி மாறிச் செய்ய, மற்றொருவர் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டியபின் நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

ஆக, ஒரே வீட்டில் ஒரு பழம் இரு வேடம் பூண்டிருந்தது. மாமியாருக்கு அது மருந்து, மருமகளுக்கு அது ஆபத்து. குழந்தைக்கோ அது கையைக் காலைப் பிடித்து ஊற்றப்படும் ஒன்று. அதன் வாடை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலாடையைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டது. குழந்தைக்குத் திராட்சை பிடிக்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னதை நான் ஏற்கவில்லை. வலியோடும் பலவந்தத்தோடும் ஓராண்டு சேர்ந்தே வந்த ஒரு சுவையை எந்தக் குழந்தையும் விரும்பாது. சுவை எப்படியிருக்கும் என்று அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை.

மேற்கொண்ட முறை

முதல் வேலை மருத்துவருடையது. தேங்கி இறுகிய மலத்தை இளக்குவதற்கு அவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைத் தந்தார். குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு முதல் தெரிவாக ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகள் குடல்நலச் சங்கங்கள் 2014இல் பரிந்துரைத்தது அதுவே. உணவில் நார்ச்சத்து வழக்கமான அளவில் இருந்தால் போதும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. பழத்தைக் கொட்டிக் கொட்டிக் கொடுத்து மலச்சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

என் பங்கில் மூன்று மாற்றங்கள். மூன்று வாரத்தில் பாலை 900 மில்லியிலிருந்து 400 மில்லியாகக் குறைத்து, புட்டியை விட்டுத் தம்ளருக்கு மாற்றுவது. திராட்சைத் தண்ணீரை நிறுத்துவது. இரண்டு வாரம் எந்த உலர் பழத்தையும் காட்டாமல் இருந்துவிட்டு, பின்னர் புதிதாகத் தொடங்குவது.

இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. "நாலு பிள்ளைய இப்படித்தான் வளத்தேன் தாயி, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார் அப்பத்தா. வழிகாட்டுதல்களைச் சொல்லி அவரை வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. வடிகட்டியில் கிடந்த சக்கையில் ஒரு துளியை எடுத்து அவரையே சுவைத்துப் பார்க்கச் சொன்னேன். மென்றுவிட்டு, "இனிப்பே இல்லையே" என்றார். இனிப்பு முழுவதும் தண்ணீருக்குப் போய்விட்டது, குடலுக்கு வேண்டியது இதில்தான் இருக்கிறது, இதைத்தான் மரத்தடியில் கொட்டுகிறோம் என்றேன். சிறிது நேரம் வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சக்கையோட அரைச்சுக் குடுத்தா?" என்று அவரே கேட்டார். பின்னால் நாங்கள் செய்ததில் பாதி அவருடைய யோசனை.

மூன்றாம் வாரத்தில் பேரீச்சையிலிருந்து தொடங்கினோம். திராட்சையோடு குழந்தைக்குப் பகை இருந்ததால் அதைத் தள்ளிவைத்தோம். பேரீச்சம்பழத்தை நீளவாக்கில் பிளந்து, கொட்டையை நீக்கி, உட்புறத்தில் புழுவோ பூச்சியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, கல்லுரலில் ஒரு நசுக்கு. அந்த விழுதில் அரைத் தேக்கரண்டி, சர்க்கரை சேர்க்காத கேழ்வரகுக் கஞ்சியில். குழந்தை முதல் நாளே ஏற்றுக்கொண்டது. ஒரு பழத்தைத் தொடர்ந்து நான்கு நாள் கொடுத்துப் பார்த்தபின்பே அடுத்ததற்குச் சென்றோம். ஐந்தாம் வாரத்தில் உலர் அத்தி. ஊறிய அத்தியின் சிறு விதைகள் நறநறவென்றதில் குழந்தைக்கு வேடிக்கை. நாக்கை நீட்டி ஒவ்வொரு விதையாக விரலால் எடுத்துப் பார்த்ததாகத் தாய் நோட்டில் எழுதியிருந்தார்.

ஆறாம் வாரத்தில் திராட்சை. இங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. விழுதாக்கிக் கஞ்சியில் கலந்துவிட்டால் தெரியாமல் உள்ளே போய்விடுமே என்றார் தாய். மறைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய சத்து சேரும். ஆனால் பழத்தோடு குழந்தைக்கு அறிமுகம் ஏற்படாது. தெரிந்துவிட்டால் கஞ்சியின்மீதும் நம்பிக்கை போய்விடும். எனவே கண்ணுக்குத் தெரியும்படியே வைப்பது என்று முடிவாயிற்று. விதையில்லாத கறுப்புத் திராட்சையை இரண்டு முறை அலசி, நுனியில் ஒட்டியிருக்கும் குச்சி போன்ற காம்பைக் கிள்ளி, இட்லி வேகும்போதே ஒரு குழியில் போட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினால் நசுங்கிப் பரவ வேண்டும்; நசுங்காமல் நழுவினால் இன்னும் வேக வேண்டும் என்று பொருள். வெந்ததை நீளவாக்கில் நான்காகக் கீறி, இட்லியின் ஓரத்தில் தட்டில் வைத்துவிட வேண்டும். யாரும் ஊட்டக் கூடாது, யாரும் புகழக் கூடாது, சாப்பிடாவிட்டால் யாரும் முகம் வாடக் கூடாது. குழந்தை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நடந்துகொண்டோ சிரித்துக்கொண்டோ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டோ அல்ல. பெரியவர் ஒருவர் எதிரே இருக்க வேண்டும்.

ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று குழந்தைகளின் உணவு விருப்பம் பற்றிய ஆய்வுகளிலிருந்து பொதுவாகச் சொல்லப்படுகிறது. தாய்மார்கள் பெரும்பாலும் மூன்றாம் முறையிலேயே கைவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். தாயின் நோட்டில் உள்ள பதிவுகள் இவை: முதல் மூன்று முறை தட்டிலிருந்து தள்ளிவிட்டது. நான்காம் முறை எடுத்து அப்பத்தாவின் வாயில் வைத்தது. ஐந்தாம், ஆறாம் முறையும் அப்படியே. ஏழாம் முறை நக்கிவிட்டுத் தட்டில் திருப்பி வைத்தது. ஒன்பதாம் முறை மென்று துப்பியது. பதினோராம் முறை ஒரு துண்டை விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டியது. அப்பத்தாவின் வாயில் வைத்த நாட்கள்தான் திருப்புமுனை என்று எனக்குத் தோன்றுகிறது; அவர் அதை மென்று சுவைப்பதைக் குழந்தை கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஓராண்டாகத் திராட்சையைத் தனக்குள் ஊற்றிய அதே ஆள், முதன்முறையாகத் தன் கையிலிருந்து அதை வாங்கி உண்டார்.

இடறிய இடங்கள்

பத்தாம் வாரத்தில் குழந்தையின் மலத்தில் திராட்சைத் தோல்கள் அப்படியே வந்திருப்பதைக் கண்டு தாய் பதறி அழைத்தார். தோலின் நார்ப்பொருளை மனிதக் குடல் செரிக்காது. சரியாக மெல்லப்படாவிட்டால் அது முழு வடிவில் வெளியேறும். நோயின் அறிகுறி அன்று, கத்தி மழுங்கியதன் அறிகுறி. துண்டுகளைச் சிறிதாக்கியதும் சரியாயிற்று.

அடுத்த இடறல் சிறியது அல்ல. மும்பையிலிருந்து வந்த சித்தப்பா பொன்மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டலம் உலர் திராட்சை கொண்டுவந்தார். பருப்புச் சோறு உண்டால் இது கிடைக்கும் என்று ஒரு வாரம் அதைப் பரிசாகக் காட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் குழந்தை சோற்றை ஒதுக்கிவிட்டுப் பொட்டலத்தைக் கேட்கத் தொடங்கியது; கைநிறைய அள்ளித் தின்ற ஒரு நாளில் மூன்று முறை வயிற்றால் போயிற்று. மருந்தாகக் கொடுப்பதும் பரிசாகக் கொடுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்றே நான் கருதுகிறேன். இரண்டிலும் பழம் உணவுத் தட்டிலிருந்து வெளியேறிவிடுகிறது. பொட்டலம் மேலடுக்குக்குப் போயிற்று. நாளுக்கு எட்டு முதல் பத்துத் திராட்சை, அதுவும் சாப்பாட்டோடு மட்டும், உண்டபின் தண்ணீர் என்று அளவை மீண்டும் வரையறுத்தோம். உலர் பழத்தை இடைத்தீனியாக அல்லாமல் சாப்பாட்டு வேளையில் கொடுப்பதே பல்லுக்கு நல்லது என்று பிரிட்டனின் தேசியச் சுகாதார சேவையும் அறிவுறுத்துகிறது.

அந்தப் பொன்னிறம் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்பட்டது. மஞ்சள்தான் உயர்ந்த ரகம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நம் கடைகளுக்கு வரும் இந்திய உலர் திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் சாங்கிலி, நாசிக் வட்டாரங்களிலும் கர்நாடகத்தின் விஜயபுரா வட்டாரத்திலும் உருவாகிறது. குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் முக்குவார்கள். பழத்தின்மீதுள்ள மெழுகுப் படலம் அதில் இளகிவிடுவதால், நிழல் கொட்டகையில் அடுக்கடுக்கான வலைகளின்மேல் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது உலர்ந்துவிடும். ஒரே விதையில்லாப் பச்சைத் திராட்சை, வெயிலில் காய்ந்தால் பழுப்பாகும். கந்தகப் புகை காட்டினால் பொன்னிறமாகவே நிற்கும். பெரும்பாலோருக்கு அந்தக் கந்தகத்தால் தீங்கில்லை. மூச்சிரைப்பு உள்ளவர்களில் சிலருக்கு அது இழுப்பைத் தூண்டக்கூடும். குழந்தையின் தந்தைக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது என்பதால், புகை காட்டாத பழுப்பு அல்லது கறுப்பு வகையையே தொடரச் சொன்னேன். பொட்டலத்தில் 220 என்ற எண் இருந்தால் அது கந்தகத்தைக் குறிக்கும். மளிகைக் கடையில் நிறுத்து வாங்கும் உதிரிச் சரக்கில் எந்த எண்ணும் இருக்காது; நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சையை வாங்கி மொட்டைமாடியில் காயவைத்துவிடலாமே என்று அப்பத்தா கேட்டார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் தின்பதற்கு அருமையானது, ஆனால் விதையுள்ளது. அரையும் குறையுமாகக் காய்ந்து பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு கழுவினாலும் போகாது. வேண்டாம் என்றேன். பச்சையாகவே விதை நீக்கி நான்காக நறுக்கிக் கொடுக்கலாம் என்றதும் சமாதானமானார்.

விளைவும் அதன் வரம்பும்

பதினாறு வாரங்களுக்குப் பின், குழந்தைக்கு 23 மாதம் நடக்கையில், எடை 10.5 கிலோ, ஹீமோகுளோபின் 11.1 கிராம். நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள் மென்மையான மலம், அழுகை இல்லை. மருத்துவர் தூளின் அளவைப் படிப்படியாகக் குறைத்துவருகிறார். பேரீச்சை, அத்தி, திராட்சை மூன்றையும் குழந்தை தானாக எடுத்து உண்கிறது.

இந்த முன்னேற்றத்தில் உலர் பழத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து, பால் குறைப்பு, உணவு மாற்றம் மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. பதிவுகள் தாயின் நோட்டை நம்பியவை. குழந்தை ஒன்றே ஒன்று. ஹீமோகுளோபின் உயர்ந்ததற்குச் சொட்டு மருந்தும் பால் குறைந்ததும் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலம் இளகியதற்கு முதற்காரணம் தூள். உலர் பழத்தின் கணக்கில் நான் உறுதியாக எழுதக்கூடியது ஒன்றுதான்: வாயை இறுக மூடிக்கொண்டிருந்த குழந்தை அதே பழத்துக்காகக் கையை நீட்டியது. அது பழத்தின் குணத்தால் நேர்ந்ததன்று. கொடுத்த விதம் மாறியதால் நேர்ந்தது.

கடைசிச் சந்திப்பில், முழுத் திராட்சையை எப்போது கொடுக்கலாம் என்று அப்பத்தா கேட்டார். நான்கு வயது வரை பொறுக்கச் சொன்னேன். அதுவரை தினமும் நறுக்க வேண்டுமா என்று சலித்துக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தைய வாரம் வீட்டில் பாயசம் வைத்தபோது, நெய்யில் போடும் முன்பே திராட்சையைப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டதாக மருமகள் சொன்னார். அப்பத்தா அதை மறுக்கவில்லை. நெய்யில் விழுந்ததும் ஒவ்வொன்றாக உப்பி உருண்டு மேலே வருமே, அந்த அழகு போயிருச்சு தாயி என்பது மட்டும் அவருக்கு இன்னும் குறையாக இருக்கிறது.